பூவாளிக்குடிக் கரையின் நொறுங்கு எண்

மண் இறுகும்போது முதலில் மாறுவது அதன் சத்தம். நிறம் மாறுவதில்லை. ஈரமும் உடனே போய்விடுவதில்லை. நேற்றுவரை மண்வெட்டியைச் சதக்கென்று உள்வாங்கிக்கொண்ட வரப்பு, இன்று சுட்ட ஓட்டைத் தட்டியதுபோல் கணீரென்னும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் பிறகு எந்தத் தரையையும் நம்பிக் கால் வைப்பதில்லை. நான் இப்போதும் மாடியில்தான் குடியிருக்கிறேன். கீழே இறங்கும்போது கடைசிப் படியில் சற்று நின்று, செருப்பு நுனியால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.

என் மனைவி மங்கையர்க்கரசி பாறைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். வடகோட்டகத்தில் ஆழ்கிணறு தோண்டி வாயு எடுத்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவள்தான் தலைமை. நான் பக்கத்து ஊர்த் தபால் நிலையத்தில் இருந்தேன். பாறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிடும்போது அவள் சொன்னவைதான்.

"அடியில களிப்பாறை இருக்குங்க. அதோட இடுக்குல வாயு அடைஞ்சு கெடக்கு. தண்ணியை அழுத்தி அடிச்சுப் பாறையை விரிசல் விட வைக்கணும். விட்டாத்தான் வாயு வரும். ஆனா எல்லாப் பாறையும் விரிசல் விடாது. முறுக்கை அழுத்துனா என்ன ஆகும்?"

"உடையும்."

"கொழுக்கட்டையை?"

"அமுங்கும்."

"அவ்வளவுதான் என் படிப்பு. முறுக்குப் பாறையா, கொழுக்கட்டைப் பாறையான்னு சொல்றதுக்கு ஒரு எண் போடுவேன். நொறுங்கு எண். அறுபதுக்கு மேல இருந்தா உடையும். நாப்பதுக்குக் கீழ இருந்தா எவ்வளவு அடிச்சாலும் அமுங்கிக் குடுத்துட்டு, விரிசலைத் தானே மூடிக்கும். நம்ம பாறையில களி ஜாஸ்தி. எங்க எடுத்தாலும் முப்பதைத் தாண்ட மாட்டேங்குது."

"அப்ப உங்க கம்பெனிக்காரன் உன்னைத் திட்டுறது நியாயந்தான்."

"நான் என்ன பண்றது? பாறைக்கு கிரேஸ் மார்க்கா போட முடியும்?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச காலம்தான் வீட்டில் இருந்தது. பாறையின் எண்ணைக் கூட்ட முடியாது என்று அவள் சொல்லிக்கொண்டிருக்க, கூட்ட முடியும் என்று நிறுவனம் வேறொரு வழி கண்டுபிடித்தது. 'இறுக்கி' என்று ஒரு திரவம். களியின் ஏடுகளுக்கு நடுவே புகுந்து ஒன்றோடொன்றைப் பூட்டிவிடும். அமுங்கும் பாறை உடையும் பாறை ஆகும். முதல் கிணற்றில் அதைச் செலுத்திய பிறகு எடுத்த பாறைத் துண்டுக்கு அவள் போட்ட எண் எண்பத்திரண்டு. ஆய்வுக்கூடத்தில் இனிப்புக் கொடுத்தார்களாம். அவள் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தானே?" என்றேன்.

"ரெண்டாவது கிணத்துலயும் எண் ஏறியிருக்குங்க. அங்க நாங்க எதையும் ஊத்தவே இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவள் அடுக்களையைக் காட்டினாள். அன்று காலை நான்தான் பாலுக்கு உறை ஊற்றியிருந்தேன்.

"ஒரு கரண்டி மோரை ஊத்துறோம். அந்த ஒரு கரண்டியா பால் முழுக்கத் தயிராக்குது? தொட்ட பால் தயிராகுது. அந்தத் தயிர் பக்கத்துப் பாலைத் தயிராக்குது. அந்த மாதிரி, ஒரு களி பூட்டிக்கிட்டா, அதைத் தொட்டுக்கிட்டிருக்கிற ஈரக் களியும் பூட்டிக்குது. மருந்து தீந்து போனாலும் அது நிக்கல."

"எங்கதான் போய் நிக்கும்?"

"மணல் வந்தா நிக்கும். மணல்ல களி கிடையாது, பிடிமானம் இல்ல. களிப்பாறைக்கு மேல கனமா மணற்பாறை இருக்கு. அதைத் தாண்டி மேல வராது." சொல்லிவிட்டு அவளே அதை இன்னொரு முறை சொன்னாள். "வராதுங்க."

நிறுவனமும் அப்படித்தான் சொன்னது. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பொய் சொல்லவில்லை. பாறைக்குள் ஏறி அது மேலே வரவே இல்லை. அதைக் கையில் எடுத்துவந்து, பொட்டு வைத்து, பூப்போட்டுக் கும்பிட்டவர்கள் நாங்கள்.

ஒவ்வொரு சதுர்த்திக்கும் கிணற்று வேலைக்காரர்கள் தாங்களே ஒரு பிள்ளையார் பிடிப்பது வழக்கம். முந்தைய வருஷங்களில் ஆற்றங்கரையிலிருந்து மண் எடுத்துவருவார்கள். அந்த வருஷம் இறுக்கி செலுத்திய கிணற்றிலிருந்து மேலே வந்த சேறு கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடந்தது. கல் இல்லை, வேர் இல்லை, இன்னும் இறுகாமல், சாம்பல் நிறத்தில் வெண்ணெய்போல் இருந்தது. யாரோ ஒருவர் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல மண் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். உருவம் பிடித்தவன் மங்கையின் உதவியாளன் அருளப்பன். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பொம்மை செய்கிற குடும்பம், நல்ல கை.

"அருளப்பா, அந்தத் தும்பிக்கையை எடுத்துட்டா அச்சு அசல் அந்தோணியாருடா" என்றார் ஒரு மெக்கானிக்.

"ரெண்டு பேருமே கேட்டதைக் குடுக்கிறவங்கதான், விடுங்கண்ணே."

நானும் அங்கே இருந்தேன். மங்கையும் இருந்தாள். அவள்தான் குண்டுமணி எடுத்துக் கண் வைத்தாள். பல ஆயிரம் அடி ஆழத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு, எதிரில் சந்தனப்பொட்டோடு உட்கார்ந்திருந்தது என்னவென்று தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. காகிதக்குடை பிடித்து, லோடு ஆட்டோவில் வைத்து, நெட்டாற்றில் கொண்டுபோய்க் கரைத்தார்கள். கரைத்ததாக நினைத்தார்கள்.

நெட்டாறு ஒருகாலத்தில் மணலாறு. லாரி லாரியாக அள்ளிக்கொண்டுபோய் அடிக்களி பளபளவென்று தெரியும்படி ஆகிவிட்டது. பிள்ளையார் போய் உட்கார்ந்தது அந்தக் களியின்மேல்.

சில வாரம் கழித்து, எருமையைக் குளிப்பாட்ட இறங்கிய ஒரு பெண்ணின் பாதத்தை எதுவோ கிழித்தது. தடவிப் பார்த்தால் தந்தம். தண்ணீருக்குள் பிள்ளையார் ஒரு விரல்கூடக் கரையாமல் அப்படியே இருந்தார். சாமி கரையாமல் இருக்கிறது என்று ஊர் தேங்காய் உடைத்தது. செய்தி கேட்ட மங்கை செருப்புக்கூடப் போடாமல் தட்டுக்கருவியோடு கிளம்பினாள். அது ஓர் இரும்புக் கம்பி. தரையில் ஊன்றித் தட்டினால், அலை போய்த் திரும்புவதைக் காதில் மாட்டிய கருவி கேட்கும், அதோடு இணைத்த பெட்டி எண் காட்டும்.

ஆற்றின் நடுவே தட்டினாள். காதிலிருந்ததைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

நான் எதிர்பார்த்தது தொப்பென்ற சத்தம். கேட்டது மணியின் நாதம். கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு காற்றில் நிற்குமே, அது. காலுக்கடியில் ஆறு முழுக்க அந்த நாதம் ஓடிக்கொண்டிருந்தது. நான் தண்ணீரிலிருந்து துள்ளிக் கரையேறினேன். அவள் அங்கேயே நின்றாள்.

"எவ்வளவு தூரம் போயிருக்கு?" என்று கேட்டேன்.

"கேக்காதீங்க" என்றாள்.

ஐப்பசி மழை பிடித்தது. ஈரம் அதற்கு நல்ல பாதை. நடவுக்கு இறங்கிய பெண்கள் நாற்றை ஊன்றினால் விரல் உள்ளே போகவில்லை, நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. வயல் நிறையத் தண்ணீர், ஆனால் அடியில் தட்டு. ஒரு வாய்க்கால் கரை, மாடு நடந்ததற்கே பீங்கான்போல் தெறித்தது. மண் சுவர்கள் வெடித்தன. குழந்தைகள் ஓடும்போது வரப்பு சலசலவென்று நொறுங்கியது. பெரியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு நடந்தார்கள், சத்தமாகப் பேசினால்கூட உடைந்துவிடும் என்பதுபோல. நிறுவனத்தின் பெரிய அதிகாரிகள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மங்கை போகவில்லை. அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்துச் சிலர் காறித் துப்பினார்கள். அவள் அதைக் கழற்றவும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஆற்றுக்கரை. மேலே அணை நிரம்பிவிட்டது, தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் பகுதியில் ஊர்கள் ஆற்றைவிடத் தாழ்வானவை. கரை நெகிழ்ந்து கொடுத்தால் வெள்ளம் போய்விடும். கரை கண்ணாடியாக இருந்தால்?

கலெக்டர் ஆபீசில் கூடியபோது மங்கை சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினாள். வெளியே வராந்தாவில் நின்ற எனக்கும் கேட்டது.

"மேற்கேருந்து கிழக்கால பரவுது. நடுவுல ரெண்டு பழைய மணல்மேடு வடக்கு தெற்கா ஓடுது. அதுங்க தடுக்கும். ஆனா ஆறு ரெண்டையும் அறுத்துக்கிட்டுப் போற இடத்துல மணலைத் தோண்டி எடுத்துட்டாங்க. அந்த ரெண்டு வாசலையும் மணல் கொட்டி அடைக்கணும். கரையை வெட்டி, அடிக்களியையும் தோண்டி எடுத்துட்டு, மணலை நெரப்பணும்."

"வெள்ளம் வர்ற நேரத்துல கரையை வெட்டச் சொல்றீங்களாம்மா?" என்றார் பொதுப்பணித் துறை என்ஜினியர். இந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை.

"ஆமா சார்."

கலெக்டர் ஓர் இளம் பெண். "ரெண்டு வாசலையும் அடைக்க மணல் இருக்கா?"

இல்லை. ஆற்றிலே மணல் ஏது? வீடு கட்டப் போட்டிருந்த குவியல்களைத் தெருத்தெருவாகக் கேட்டு வாங்கினார்கள். பாதி கட்டிய வீட்டுக்காரர்கள் தார்ப்பாயை நீக்கிக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு வாசலுக்குத்தான் வரும்.

மேற்கு வாசலை அடைத்தால் இரண்டு மேடுகளுக்கும் நடுவிலிருக்கும் ஊரும் பிழைக்கும். அதற்குள் இறுகல் மேற்கு வாசலைத் தாண்டியிருந்தால் அங்கே மணலைக் கொட்டுவது வீண். கிழக்கு வாசலைத்தான் அடைக்க வேண்டும், நடுவிலிருக்கும் ஊரை விட்டுவிட வேண்டும். நடுவிலிருந்தது பூவாளிக்குடி. மங்கை பிறந்த ஊர். அவளுடைய அப்பா உலகநாதன் அங்கேதான் தனியாக இருந்தார்.

"கரையைச் சோதிச்சு எண் சொல்லுங்க. நீங்க சொல்றபடி உத்தரவு போடுறேன்" என்றார் கலெக்டர்.

மறுநாள் விடிந்ததும் பூவாளிக்குடிக் கரைக்குப் போனோம். தூறல். அருளப்பன் கம்பியை ஊன்றித் தட்டினான். அவன் காதிலும் ஒன்று, அவள் காதிலும் ஒன்று. நான் குடை பிடித்தேன். பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இன்னும் ஓரிடத்தில் தட்டச் சொன்னாள். இன்னும் ஓரிடம். பிறகு மேற்கே வெகுநேரம் பார்த்தாள். ஆற்றில் நுரை வந்துகொண்டிருந்தது, மேலே தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம்.

காதிலிருந்ததைக் கழற்றினாள். "எழுபத்தொண்ணு" என்றாள். "ஊர் போயிருச்சு. கிழக்கு வாசலை அடைக்கச் சொல்லுங்க."

அருளப்பன் அவளைப் பார்த்தான். துக்கம் என்றுதான் நான் நினைத்தேன்.

கோயில் மைக்கில் அவளே பேசினாள். மணலை இறக்கிய டிராக்டர்கள் இங்கே வந்து ஆட்களைக் கிழக்கு வாசலுக்கு ஏற்றிப் போகும், உடனே கிளம்புங்கள் என்றாள். ஊர் கிளம்பவில்லை. கோயில் முன்னால் கூட்டம் கூடிச் சத்தம் போட்டது.

"மண்ணைக் கெடுத்ததும் நீங்க, கெட்டுப்போச்சுன்னு மைக் புடிக்கிறதும் நீங்களா?"

"எங்க ஊரை விட்டுட்டுக் கீழ்த்தாலுக்காவைக் காப்பாத்துறியாக்கும்? அங்க எத்தினி பெரிய மனுசன் வீடு இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"உலகநாதன் மவ பேசுற பேச்சா இது? ஏய் மங்கை, நீ பொறந்த ஊருடி!"

ஒரு பெண் மண்ணை வாரி அவள்மேல் இறைத்தாள். மங்கை துடைத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் மைக்கை எடுத்து அதே வார்த்தைகளைச் சொன்னாள்.

மாமா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் புயலுக்கும் வீட்டைவிட்டு அசையாதவர். ஒருமுறை முகாமுக்குக் கூட்டிப்போக வந்த தாசில்தாரை, "நீங்க வேணா உள்ள வந்து ஒதுங்கிக்குங்க" என்று திருப்பி அனுப்பியவர். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைப்பக்கம் போனார். ஊர் அவருக்காகக் காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குள் போய், ஒரு துணி மூட்டையோடு வெளியே வந்து, நின்றுகொண்டிருந்த டிராக்டரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். கூட்டம் கலைந்து வீடுகளுக்குள் ஓடியது. உலகநாதனே ஏறிவிட்டார் என்றால் இனி என்ன இருக்கிறது?

"நீங்க அப்பாகூடப் போங்க" என்றாள் மங்கை என்னிடம்.

"நீயும் ஏறு."

"எல்லாரையும் ஏத்திட்டுக் கடைசி வண்டியில வரேன். அப்பாவுக்குத் தலை நனையுது பாருங்க, குடையைப் பிடிங்க." பிறகு என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குங்க" என்றாள்.

கிழக்கு வாசலில் பகல் முழுக்க மணல் விழுந்துகொண்டிருந்தது. கூடையில், சாக்கில், பள்ளிக்கூடத்து மேசை இழுப்பறையில்கூட அள்ளிப்போட்டோம். பூவாளிக்குடி ஜனங்கள் டிராக்டரிலிருந்து இறங்கி அழுதுகொண்டே அவர்களும் அள்ளினார்கள். கடைசிச் சுமை விழுந்து சற்று நேரம்தான் இருக்கும். வெளிச்சம் மங்கும் பொழுது. மேற்கே, ஆயிரம் சட்டிப் பானைகள் ஒரே சமயத்தில் உடைந்ததுபோல் ஒரு சத்தம். அதன்பிறகு தண்ணீரின் இரைச்சல்.

கடைசி வண்டியில் அருளப்பன் வந்திருந்தான். அவள் இல்லை. தொழுவத்து மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறோம் என்று ஒரு புருஷனும் பெண்சாதியும் திரும்பி ஓடினார்களாம். அவர்களை இழுத்து வரப் போனாள்.

மணல் தாங்கியது. மேட்டுக்குக் கிழக்கே இன்றுவரை மண் மண்ணாகவே இருக்கிறது. மேற்கே யாரும் போவதில்லை. வெயில் நாட்களில் அங்கிருந்து சடசடவென்று சத்தம் வரும்.

மாமா என்னோடுதான் இருக்கிறார். பூவாளிக்குடி ஜனங்கள் எங்களைச் சுற்றித்தான் குடியிருக்கிறார்கள். மண்ணை இறைத்த அந்தப் பெண் தன் பேத்திக்கு மங்கை என்று பெயர் வைத்திருக்கிறாள். "அவ நெசத்தைச் சொன்னதாலதான் நாங்க இருக்கோம்" என்பாள்.

போன மாசி மாதம் அருளப்பன் வந்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகிறான், அதற்குமுன் பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னான். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். மாமா உள்ளே கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தார்.

"சார், இதை இறக்கி வைக்காம என்னால போக முடியலை" என்றான். "அன்னைக்கு நானும் காதுல மாட்டியிருந்தேன். மூணு இடத்துலயும் தொப்புதான் கேட்டுச்சு. அப்பறம் பெட்டியில பாத்தேன், எண் இருபத்தெட்டு. பூவாளிக்குடிக் கரை நல்லாத்தான் இருந்துச்சு சார்."

என் கால்கள் தாமாகத் தரையிலிருந்து எழும்பின. மாடி என்பது மறந்துபோயிற்று.

"அப்ப மேற்கு வாசலை அடைச்சிருக்கலாமே?"

"அன்னைக்கு அது வந்த வேகத்துக்கு, மணல் போட்டு முடிக்கிறதுக்குள்ள தாண்டியிருக்கலாம். தாண்டாமலும் இருந்திருக்கலாம். அங்க அடைச்சு அது தாண்டியிருந்தா கிழக்கே போட மணல் இல்ல. கடல் வரைக்கும் போயிருக்கும். மேடம் சூதாட விரும்பலை. இருபத்தெட்டுன்னு சொல்லியிருந்தா கலெக்டர் மேற்கைத்தான் அடைக்கச் சொல்லியிருப்பாங்க. ஊரும் அசைஞ்சிருக்காது." காப்பியைக் கீழே வைத்தான். "ஒருவேளை நேரம் இருந்திருந்தா, சார்? அதை நெனைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

படிவரை கொண்டுபோய் விட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ளே சொல்லிட்டுப் போறான்?"

"சும்மா பேசிட்டுப் போறான் மாமா."

"கரை நல்லாத்தான் இருந்துச்சுன்னானா?"

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியும். பாப்பா மைக்குல சொன்ன ஒடனே போயி கரையில கையை வச்சுப் பாத்தேன். விரல் கணு வரைக்கும் உள்ள போச்சு."

"அப்பறம் ஏன் மாமா வண்டியில ஏறுனீங்க?"

அவர் போர்வையை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"சின்னப் புள்ளையில ஒரு பொய் சொல்லச் சொன்னாக்கூட மாட்டிக்குவா. அவ ஊரைக் கூட்டி மைக்குல பொய் சொல்றான்னா, எம்மாம் பயந்துருக்கணும்? அந்த மண்ணைப் பாத்து எனக்குப் பயம் வரல மாப்ளே. அவளைப் பாத்துத்தான் வந்துச்சு."

கீழே தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். மாமா தன் வலது கையை விரித்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி உள்ள போயி கையைக் கழுவிட்டேன். ஈர மண்ணு அப்பிக்கிட்டு இருந்துச்சுல்ல. யாராச்சும் பாத்திருந்தா, அவ சொன்னது பொய்னு தெரிஞ்சிருக்கும்."